ஓடைப்பட்டிப் புஞ்சையில் நான் படித்த பாடம்: பயிர் வளர்ப்பின் அடிப்படைகள்

2019 ஆடி மாதம். ஓடைப்பட்டியில் எங்களுக்கு ரெண்டே முக்கால் ஏக்கர் புஞ்சை. அப்பா போன பிறகு நாலு வருஷம் தரிசாகக் கிடந்தது. பக்கத்துக் காடெல்லாம் விதையில்லாத் திராட்சைப் பந்தல். எங்களுடையது மட்டும் வேலிக்கருவை முளைத்து நின்றது. பிளாட் போட ஒருவர் வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு விற்க மனசில்லை. கையில் கிடந்த நாலு வளையலில் ரெண்டைக் கழற்றிக் கொடுத்து, "இதை வச்சு வெள்ளாமை பண்ணிப் பாரு. ஆகலைன்னா அப்புறம் யோசிப்போம்" என்றது. நான் மதுரையில் வேலை பார்க்கிறவன். நாலு புத்தகம் படித்த தைரியத்தில் இறங்கினேன்.

ஆடி ரெண்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. ஆடிப்பட்டம் தேடி விதை என்றுதானே சொல்லி வைத்திருக்கிறார்கள்? மறுநாளே டிராக்டரை விட்டு உழுது, ரெண்டு ஏக்கரில் மக்காச்சோளம் ஊன்றினேன். சித்தப்பா வரப்பில் நின்று பார்த்தார். "தேடி விதைன்னுதான சொல்லிருக்கான். நீ தேடவே இல்லையேப்பா" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த வெள்ளாமை எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் சொன்ன 'தேடு'வதைப் பார்த்துவிடலாம். பயிர் வளர்ப்பின் அடிப்படைகள் என்று பாடப்புத்தகத்தில் மண், விதை, நீர், உரம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். எங்கள் ஊரில் வரிசை வேறு. காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கை மேற்கே மலைத்தொடர் மறித்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கி வரும் காற்றில் ஈரம் குறைவு, வேகம் அதிகம். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்கள் நாலு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் இங்கே ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் விழுகிற மழையைத் திருப்பிக் கொண்டுவரத்தானே பென்னிகுயிக் 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்? அந்தத் தண்ணீரில் ஆற்றோர வயல்களில் இருபோகம் நெல் விளைகிறது. எங்கள் மேட்டுக்கு அது எட்டாது. எங்களுக்கு உள்ளது கிணறு, போர், அப்புறம் வானம்.

இப்போது கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். அன்றைக்குப் பெய்த மழை 25 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் ஆடிக் காற்றில், வெயிலும் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 6, 7 மில்லிமீட்டர் வரை ஆவியாக இழுத்துவிடும். நாலைந்து நாளில் மேல் மண் பொரி மாதிரி ஆகிவிடுகிறது. விதை முளைப்பதற்கு அந்த ஈரம் போதும். முளைத்த பிறகு பிழைப்பதற்குப் போதாது. அடுத்த மழைக்கு உத்தரவாதம் கிடையாது, ஏனென்றால் அது மழைக்காலமே இல்லை. தஞ்சாவூரில் ஆற்றுத் தண்ணீரை நம்பியும், வேறு சில இடங்களில் தென்மேற்கு மழையை நம்பியும் ஆடியில் விதைக்கலாம். இங்கேயே கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறவர்கள் விதைக்கிறார்கள். வானத்தை நம்புகிறவனுக்கு ஓடைப்பட்டியில் புரட்டாசிதான் பட்டம். புரட்டாசியில் இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, காற்றும் அடங்கிவிடும். புரட்டாசி கடைசியில் விதைத்த நூறு நாள் சோளம், தண்ணீர் அதிகம் தேவைப்படும் பூப்பருவத்தை மார்கழி வாக்கில் எட்டும். மண்ணுக்குள் அப்போது ஈரம் இருக்கும். தை கடைசிக்குள் அறுப்பு, வெயிலில் காயவைக்கலாம்.

பட்டம் என்பது விதைக்கிற தேதி இல்லை. பயிர் பூக்கிற வாரம் எது, அந்த வாரத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கிடைப்பதுதான் பட்டம். இதைத்தான் சித்தப்பா தேடச் சொன்னார்.

சரி, என் மக்காச்சோளம். முளைத்தது, அழகாகவே முளைத்தது. இருபதாம் நாள் குருத்தில் வரிசையாக ஓட்டை. பிரித்துப் பார்த்தால் மரத்தூள் மாதிரி எச்சம், உள்ளே புழு. தலையில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. படைப்புழு. அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக வந்த பூச்சி. இந்தியாவில் 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டார்கள், அதே வருஷம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. மருந்தடித்துப் பாதியைக் காப்பாற்றினேன். அடுத்து தண்ணீர். போர் முக்கால் மணி நேரம் ஓடும், பிறகு காற்றுதான் வரும். சரியாகக் கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடியது.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூ தண்டின் இடுப்பில். உச்சியிலிருந்து மகரந்தம் உதிரும் அந்த ஒரு வாரத்திற்குள் கீழே கதிரின் பட்டு நூல் வெளியே நீண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் ஒரு மணி. தண்ணீர் போதாவிட்டால் நூல் தாமதமாக வருகிறது. வரும்போது மேலே மகரந்தம் தீர்ந்திருக்கும். அதனால்தான் என் கதிரெல்லாம் பொக்கைவாய் மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மாதம் காயவிட்டிருந்தாலும் இவ்வளவு சேதம் வந்திருக்காது. எல்லாப் பயிருக்கும் இப்படி ஒரு நெருக்கடி வாரம் உண்டு. சோளத்துக்குப் பூட்டையும் பூவும், கடலைக்குப் பூவும் விழுது இறங்கும் சமயமும். கைவசம் மூன்று தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அந்த மூன்றையும் எங்கே செலவழிப்பது என்று இது சொல்லிவிடும்.

எதிர்பார்த்ததில் நாலில் ஒரு பங்குதான் தேறியது. வளையல் ரெண்டும் அடகிலேயே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாதான், "அடுத்த வருஷம் ஒரு தடவை பாரு. அதுலயும் கைக்காசு வரலைன்னா அந்த பிளாட்டுக்காரனைக் கூப்பிட்ருவோம். உங்காத்தா கழுத்துல கையில மிச்சம் மீதி இருக்கிறதாவது இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கோடையில் நிலத்தில் நாலு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மேலே ஒன்றேகால் அடி செவல். கீழே சரளை. அவ்வளவுதான் எங்கள் சொத்து.

மண்ணைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்வது எனக்கு உதவியாக இருக்கிறது. மணல் கலந்த செவல் மண், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரமாக ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். கரிசல் அதைப்போல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. என் மண் 40 சென்டிமீட்டர்தான். ஆகத் தொட்டி நிறைந்தால் 40 மில்லிமீட்டர். வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடித்தால் எட்டு நாள். எட்டு நாளைக்கு ஒருமுறை மழையோ பாசனமோ வேண்டும். ஒரு மீட்டர் ஆழக் கரிசல் என்றால் 200 மில்லிமீட்டர், நாற்பது நாள் தாங்கும். கோவில்பட்டிப் பக்கம் மழை நின்ற பிறகும் பருத்தி வெடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். அங்கே 1901-லேயே ஆராய்ச்சி நிலையம் வைத்து மானாவாரிக்கென்று ரகங்கள் எடுத்தார்கள். கோவில்பட்டிக்காரர் செய்வதை நான் ஓடைப்பட்டியில் செய்தால் அடி விழும். ரெண்டும் புஞ்சைதான், தொட்டி வேறு.

தொட்டியைப் பெரிசாக்க வழி குறைவு. ஆனால் ஓட்டையை அடைக்கலாம், வாயை அகலமாக்கலாம். கோடை உழவு அதற்குத்தான். சித்திரை மழையில் சரிவுக்குக் குறுக்கே உழுதுபோட்டால் அடுத்து விழுகிற மழை ஓடாமல் இறங்கும். என் அவசர உழவு சரிவோடு போயிருந்தது, டிராக்டர்காரருக்குத் திரும்ப வசதி என்று. அப்புறம் குப்பை. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்தக் காலத்தில் மலைமாட்டுக் கிடை போடுவார்கள். இரவெல்லாம் நூறு இருநூறு மாடு நிலத்தில் படுத்து எழுந்தால் சாணமும் கோமியமும் நேராக மண்ணில். மேகமலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது, காட்டுக்குள் மேய்ச்சலுக்கும் நீதிமன்றத் தடை வந்தது. காட்டுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். எங்கள் புஞ்சைக்குக் கிடை கிடைப்பது அரிதாகிவிட்டது. நான் ஆட்டுக்கிடை மூன்று ராத்திரி போட்டேன்.

அடுத்து எண்ணிக்கை. பயிர் வளர்ப்பில் யாரும் எண்ணுவதில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். விளைச்சல் என்பது ஏக்கரில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, மணி எவ்வளவு எடை என்ற நாலின் பெருக்கல். முதல் எண் தப்பினால் மற்ற மூன்றும் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். சோளத்துக்கு வரிசை இடைவெளி 45, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 60,000 செடி, சதுர மீட்டருக்குப் பதினைந்து. கடலைக்கு 30-க்கு 10. சதுர மீட்டருக்கு முப்பத்து மூன்று. கை வீசி விதைத்தால் ஒரு இடத்தில் அம்பது, ஒரு இடத்தில் பொட்டல். அதிகமாக நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். என் தொட்டி 40 மில்லிமீட்டர். அதைப் பதினைந்து செடி பகிர்வதற்கும் முப்பது செடி பகிர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் குறைய ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டு எல்லாம் சேர்ந்து வாடும். முளைத்துப் பதினைந்தாம் நாள் களைத்துவிட வேண்டும். நன்றாக நிற்கிற செடியைப் பிடுங்கக் கை வராது. அம்மா பிடுங்கியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கை சரியாக வர விதை முளைக்க வேண்டும். நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி நாலைந்து நாள் வைத்து எண்ணுங்கள். தொண்ணூறு முளைத்தால் சந்தோஷம். எழுபது என்றால் விதையைக் கூட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். முதல் வருஷம் ஒரு கடையில் வாங்கிய பையை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

புரட்டாசிச் சோளத்துக்கு இன்னொரு வேலை செய்தேன். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து, விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கே உலர்த்தி எடுப்பது. விதையைக் கடினப்படுத்துதல் என்கிறார்கள். பெயர்தான் அப்படி, உண்மையில் முளைக்கிற வேலையை உள்ளே பாதி தொடங்கிவிட்டு நிறுத்தி வைப்பது. அந்த விதையை மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டேன். சிறு தூறலுக்கு அவ்வளவு ஆழம் நனையாது, விதை ஏமாறாது. நல்ல உழவு மழை இறங்கினால்தான் முளைக்கும். ஆடியில் நான் ஏமாந்த மாதிரி விதை ஏமாறக்கூடாது என்பதற்கு அதன் தலைக்கு மேலே ரெண்டு அங்குல மண்தான் காவல்.

உரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் நான் கொஞ்சமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஸ்பிரெங்கல் சொல்லி, லீபிக் பரப்பிய ஒரு விதி உண்டு. பயிருக்குத் தேவையான சத்துகளில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலின் எல்லை. பல பலகை சேர்த்துச் செய்த பீப்பாயில் குட்டையான பலகை உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். குட்டைப் பலகை எது என்று தெரியாமல் நெட்டைப் பலகையை இன்னும் நீட்டுவதைத்தான் நாம் யூரியா போட்டுச் செய்கிறோம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். காய்ந்த மண்ணில் மேலாக வீசினால் அதிலும் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், எங்கள் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் போட்டு மண்ணணைக்க வேண்டும்.

குட்டைப் பலகையைக் காட்டுவது மண் பரிசோதனை. ஒரே இடத்தில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவது வீண் வேலை. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், வரப்போரம், எருக்குழி, மரத்தடி தவிர்த்து, ஆங்கில 'வி' மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழம் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, கடைசியில் அரை கிலோ. நான் அப்படிக் கொடுத்து வாங்கிய அட்டையில் தழைச்சத்து குறைவு என்று வந்தது, அது எதிர்பார்த்ததுதான். மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து தேவைக்கு மேலேயே. ஒவ்வொரு மூட்டை பொட்டாஷும் நான் தெண்டமாகப் போட்டது.

ஆனால் அட்டையில் இல்லாத ஒன்றைச் சித்தப்பா சொன்னார். "கடலை போட்டா ஜிப்சம் போடாம விட்டுறாத. காய் பொக்காப் போயிரும்." இதன் காரணம் சுவாரசியமானது. கடலைப் பூ மேலே பூத்து, விழுது கீழே இறங்கி, காய் மண்ணுக்குள் பிடிக்கிறது. சுண்ணாம்புச்சத்து வேர் வழியாக ஏறி, செடிக்குப் போய், மறுபடி கீழே காய்க்கு இறங்கி வராது. அந்தச் சத்து இலைக்குப் போனால் போனதுதான். ஆக மண்ணுக்குள் கிடக்கிற காய் தன் தோல் வழியாகத் தானே அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். காய் பிடிக்கிற அந்த ரெண்டு மூன்று அங்குல மண்ணில் சத்து இருந்தாக வேண்டும். அதற்குத்தான் 40, 45-ஆம் நாள் மண்ணணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். செவல் மண்ணில் இதை விட்டால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது.

களைக்கு ஒரே பத்தி. முதல் முப்பது நாற்பது நாள் பயிர் குழந்தை. அப்போது வருகிற களைதான் தட்டைப் பிடுங்குகிறது. பயிர் இலை பரப்பி நிலத்தை மூடிய பிறகு வருகிற களைக்காகக் கூலி கொடுப்பது பார்வைக்கு அழகு, அவ்வளவே. விதிவிலக்கு, சோளத்தின் வேரிலேயே ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லி. ஒரு செடி பூத்து விதை கொட்டினால் பல வருஷம் மண்ணில் உறங்கிக் கிடக்கும். பூக்கு முன் பிடுங்கிவிட வேண்டும்.

சுடுமல்லியும் படைப்புழுவும் பயிரை ஏன் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்கின்றன. சோளம், மக்காச்சோளம், கம்பு மூன்றும் புல் குடும்பம். அதையே திரும்பத் திரும்ப விதைப்பது அந்தப் பூச்சிக்கும் களைக்கும் சத்திரம் கட்டிச் சோறு போடுவது. நடுவில் பயறோ கடலையோ மொச்சையோ வந்தால் சங்கிலி அறுகிறது. தவிர, அவற்றின் வேர் முண்டுகளில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. கடலைச் செடியைப் பிடுங்கி ஒரு முண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையோ சாம்பலோ என்றால் வேலைநிறுத்தம்.

2020 புரட்டாசியில் ஒன்றரை ஏக்கர் சோளம், ஊடே எட்டு வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. போர்த் தண்ணீர் கணக்குக்கு ஒரு ஏக்கர்தான் தாங்கும் என்று முடிவுசெய்து, மார்கழிப் பட்டத்தில் அதில் மட்டும் கடலை. கால் ஏக்கரை அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் விதைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் முதல் வருஷத்தின் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

சோளம் சாப்பாட்டுக்கும் மாட்டுத் தட்டைக்கும் போக செலவை எடுத்தது. லாபம் என்று சொல்ல முடியாது. கடலைதான் கை கொடுத்தது. செடியைப் பிடுங்கி உதறியபோது சித்தப்பா ரெண்டு காயை உடைத்துப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனார். அந்தப் பங்குனியில் ஒரு வளையலை மீட்டோம். இன்னொன்று அடுத்த கடலைக்குத்தான் வந்தது. பிளாட்டுக்காரர் இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிறார். அவரும் ஒரு பட்டம் வைத்திருக்கிறார், சரியாகப் பங்குனி.

இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டது. நேற்று ராத்திரி அங்கே மழையாம். சித்தப்பா காலையிலேயே போய், களைக்கொத்தால் குத்திப் பார்த்து, மண்ணைப் பிடித்து உருண்டை பிடித்துப் பார்த்திருக்கிறார். நாலு விரக்கடைதான் நனைந்திருக்கிறது. இன்னொரு மழை பெய்யட்டும், அதுவரைக்கும் விதையை ஊறப்போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம்.